ஒப்பிட எடுத்த ரத்தம்

அந்த ஆய்வகத்தில் ஒரு கெட்ட பழக்கம். நோயாளியின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். அதற்காக வெளியே எங்கே அலைவது? "எனக்கென்ன கேடு, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்" என்று டெக்னீஷியனே கையை நீட்டிவிட்டாள். எட்டு வருஷமாக அவள் ரத்தம்தான் அங்கே அளவுகோல்.

அவள் தம்பி தசை உருகும் நோயில், பதினேழு வயதில், சக்கர நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தவன். அதனால் தங்கை உண்டானதும் அவள் ரத்தத்திலுள்ள டி.என்.ஏ. எழுத்துகளை இவளே படித்தாள். ஓரிடத்தில் ஓர் எழுத்துக்குப் பதில் இரண்டு எழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. பகீரென்றது. தன் ரத்தத்தைப் பார்த்தாள், அங்கேயும் அதே. 'அப்பாடா, சோதனை ரசாயனத்தோட அழுக்குதான்' என்று மூச்சுவிட்டாள். "ஒண்ணுமில்லடி, தைரியமா பெத்துக்கோ" என்றாள். பாவி, இரண்டு பேரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் ஓடிவிட்டது. இன்று காலை புது மெஷின் வந்தது, ஒப்பிட வெளியிலிருந்து வாங்கிய ரத்த மாதிரியும் வந்தது. அதில் அந்த இடத்தில் ஒரே எழுத்து. புதிதாகக் குத்தி எடுத்த இவள் ரத்தத்தில் இரண்டு.

செல் மூன்று மூன்று எழுத்தாகப் படித்துத்தான் தசைக்கு வேண்டிய புரதத்தைக் கட்டும். அந்த ஓர் எழுத்து மாறினால் 'நிறுத்து' என்றாகிவிடும். புரதம் பாதியில் நின்றுபோகும்; அது இல்லாத தசை உழைக்க உழைக்கக் கிழியும். பெண்ணுக்கு இந்த மரபணு இரண்டு உண்டு, ஒன்று கெட்டால் மற்றது காப்பாற்றும். பையனுக்கு இருப்பதே ஒன்றுதான். தங்கைக்கு இருப்பது பையன். அவன் அடிக்கடி விழுகிறான் என்று அவள் சொன்னதெல்லாம் இப்போது நினைவுக்கு வந்தது.

தங்கையின் போன் எண்ணை அழுத்தினாள். "பையன் எங்கடி?"

"மாடிப்படியில. பத்து தடவை ஏறி இறங்கினாத்தான் சாப்பாடுன்னு சொல்லியிருக்கேன். கால் வலிக்குதாம், சுத்த நடிப்பு! டாக்டர்கூட ரத்தம் எடுக்கணும்னாரு. 'எங்கக்காவே பாத்தாச்சு, வேண்டாம்'னுட்டேன்."

"அவனைத் தூக்குடி. போய்த் தூக்கிக்கோ. நான் பாத்தது தப்பு."

தூரத்தில் பையன் மூச்சு வாங்க, "ஆறு ஆச்சும்மா" என்றது கேட்டது.