டிவைட் தொடாத சட்டம்

பிரிந்து போன பிறகும் என் வீட்டுக்குள் வந்து போக டிவைட்டுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. எந்த வேலையையும் அவன் முழுதாக முடிக்க மாட்டான். கதவுக்கு எண்ணெய் போட்டால் தாழ்ப்பாளை விட்டுவிடுவான். "அடுத்த தடவை பாத்துக்கறேன்" என்பான். அந்த அடுத்த தடவையில் சாப்பாடு, அப்புறம் சோபா, அப்புறம் காலையில் என் காபிக் கோப்பை.

கடைசியாக அவன் சுவரில் டிவியை மாட்டினான். ஒயர்கள் வெளியே தொங்க, நடுச்சுவரில் கறுப்பாக ஒரு பள்ளம் விழுந்தாற்போல் இருந்தது. "சுத்தி ஒரு சட்டம் அடிச்சா படம் மாதிரி இருக்கும். சனிக்கிழமை வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இனி அவன் வேலை செய்ய இந்த வீட்டில் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எனக்கு ரம்பம் பிடித்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தண்டர் பே ஊரில் மரக்கடைக்குக் குறைவில்லை. 'ஒன்றுக்கு நாலு' என்று எழுதியிருந்த பைன் பலகைகளை வாங்கினேன். ஒரு அங்குலக் கனம், நாலு அங்குல அகலம் என்று கணக்குப் போட்டு மூலைகளைச் சாய்வாக அறுத்து ஒட்டினேன். டிவியைச் சுற்றி வைத்துப் பார்த்தால் எல்லாப் பக்கமும் அரை அங்குலம் சுவர் பல்லிளித்தது.

தோழி இவோனுக்குப் போன் போட்டேன். சிரித்து முடிக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது.

"ஏண்டி லோர்னா, ஒண்ணுக்கு நாலுன்னா நாலா இருக்கும்னு உனக்கு யாரு சொன்னா? இழைச்சு இழைச்சு மூணரைதாண்டி மிஞ்சும். பேரு மட்டுந்தான் நாலு. உன் புருஷன் மாதிரி."

"பழைய புருஷன்."

"அப்போ அவன் வர்றதுக்குள்ள முடி."

சட்டத்தைத் தூக்கி அடுப்பில் போடலாமா என்று தோன்றியது. போடவில்லை. பொன்வண்ணம் பூசிய மெல்லிய சட்டங்களை வாங்கி உள்விளிம்பில் ஒட்டினேன். இடைவெளி மறைந்தது. முதலிலேயே அப்படித்தான் நினைத்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். ஒயர்களையும் பின்னால் ஒளித்து, சட்டத்தைச் சுவரோடு முடுக்கினேன். நேராக நின்றது.

சனிக்கிழமை டிவைட் கருவிப்பெட்டியோடு வந்தான். வாசலிலேயே நின்று பார்த்தான்.

"யாரு செஞ்சா?"

"நான்தான்."

"பரவால்லியே!" என்றவன் ரிமோட்டை எடுத்து அழுத்தினான். டிவி ஓடவில்லை. மறுபடி அழுத்தினான். அவன் முகத்தில் விளக்குப் போட்டாற்போல் ஒரு சிரிப்பு. "ரிமோட் சிக்னலை வாங்குற கண்ணு டிவியோட கீழ்விளிம்புலதான இருக்கும் செல்லம். உன் தங்கத்தால அதை மூடிட்டியே! ரெண்டு நிமிஷ வேலை, நான் பாத்துக்கறேன். சாப்பிட என்ன இருக்கு?"

பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பூட்ஸைக் கழற்றினான். பூட்ஸைக் கழற்றினால் காலை வரைக்கும் தங்குவான் என்று எனக்குத் தெரியும்.

"நீ அங்கயே நில்லு" என்றேன்.

உளியை எடுத்தேன். கண் இருக்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு மெல்லத் தட்டினேன். பொன்பூச்சு கொஞ்சம் சிதைந்தது. "அப்படி இல்ல, இங்க குடு" என்று அவன் கை நீட்டினான். கொடுக்கவில்லை. விரல் நுனி அளவு துண்டு பெயர்ந்து தரையில் விழுந்தது. ரிமோட்டை வாங்கி அழுத்தினேன். ஹாக்கி ஆட்டம் ஓடியது.

டிவைட் காலுறையோடு நின்றான். எனக்கும் அவனைப் பார்க்க மனசு வலிக்கத்தான் செய்தது. அவன் கண் மேலே, கீழே, சமையலறைப் பக்கம் என்று தேடியது.

"சிங்க் குழாய் சொட்டுதா?"

"சொட்டுது."

அவன் பெட்டியின் கைப்பிடியில் கை வைத்தான்.

"நாளைக்கு நான் கழட்டிப் பாக்கப்போறேன்" என்றேன். "பூட்ஸை மாட்டிக்கோ, டிவைட்."