வெளிர்நீலக் காரைப் பெண் பார்க்க வந்தவர்கள்

விலை பேசும் சத்தம் காதில் விழுந்தால் நல்லசிவத்தின் கார் ஒரு சாண் மண்ணுக்குள் இறங்கிவிடும். இத்தாலியில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. வெளிர்நீல நிறம், இரண்டே இருக்கை, மடித்துவிடக்கூடிய துணிக்கூரை, இடப்பக்கம் ஸ்டியரிங். பத்திரிகையில் கொடுத்த விளம்பரம் சரியாக வந்திருக்கிறதா என்று அவர் போர்டிகோவில் நின்று வாய்விட்டுப் படித்ததில் சக்கரங்கள் பாதி புதைந்தன. பார்க்க வந்த ஒருவர் கடைசி விலை என்னவென்று கேட்டதில் மீதியும் உள்ளே போயிற்று.

காரோடு வீடும் சாயத் தொடங்கியது. தோசைக்கல்லில் ஊற்றிய மாவு போர்டிகோ பக்கமாகவே ஓடியது. இன்னொரு சாண் இறங்கினால் முன்சுவர் நிற்காது என்று கொத்தனார் ஜாடையில் சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் அடுத்து வருகிறவர் பெண் பார்க்க வருகிற மாதிரி வரட்டும் என்று முடிவாயிற்று. பெண், நல்லசிவத்தின் மகள் கோகிலவாணி. அந்தக் காரை நன்றாக ஓட்டத் தெரிந்தவள் அவள்தான். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. முன்சுவரை ஒட்டியது அவள் அறை என்பதால் அவளும் மறுக்கவில்லை.

உடுமலையிலிருந்து சிகாமணி தன் அம்மாவுடன் வந்தார். போனிலேயே எல்லாம் சொல்லியிருந்தது. காருக்குப் பக்கத்தில் நாற்காலிகளைப் போட்டார்கள். கோகிலவாணி பட்டுப்புடவையில் காபித் தட்டோடு வந்து நின்றாள்.

“பொண்ணு எந்த வருஷங்க?” என்றார் சிகாமணி.

“அறுபத்தி நாலு,” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார் நல்லசிவம்.

கார் முனகியது. தரையில் ஒரு விரிசல் கிளம்பி கோகிலவாணியின் காலடிவரை வந்தது. அவள் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா வீட்டு நம்பரைச் சொல்றாருங்க. நான் தொண்ணூத்தி மூணு.”

விரிசல் அங்கேயே நின்றது. பெரிய வைத்தியம் ஏதும் பார்த்ததுண்டா என்று சிகாமணியின் அம்மா விசாரித்தார். ஒரே ஒரு தடவை வயிற்றைத் திறந்தோம், அதற்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை என்றார் நல்லசிவம். குரலைக் கேட்க வேண்டும் என்றார்கள். கோகிலவாணி பாடினாள். இரண்டாவது வரியில் என்ஜினும் பிசிறில்லாமல் சேர்ந்துகொண்டது. அம்மா மகனைப் பார்த்துத் தலையசைத்தார். வெற்றிலைக்கு அடியில் பணத்தை வைத்துத் தட்டை மாற்றிக்கொண்டார்கள். சக்கரங்கள் மண்ணை உதறிக்கொண்டு மேலே வந்தன.

புதிய கை ஸ்டியரிங்கைத் தொட்டால் கார் கண்டுபிடித்துவிடும். எனவே கோகிலவாணியே ஓட்டினாள். சிகாமணி பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய அம்மா, தாங்கள் வந்த காரிலேயே பின்னால் வந்தார். வாசலில் நின்ற நல்லசிவம், “பத்திரமாப் போய்ட்டு வா கண்ணு,” என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பொள்ளாச்சி தாண்டியதும், திரும்பிப் போக எத்தனை மணிக்குப் பஸ் இருக்கிறது என்று சிகாமணியிடம் கிசுகிசுத்தாள். கார் சட்டென்று வேகம் குறைந்தது. பின்சக்கரங்கள் தாருக்குள் அமிழ்ந்தன. பின்னால் வந்த லாரி ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அம்மாவின் கார் ஒதுங்கி முன்னால் போய்விட்டது.

“இனி எதுக்குங்க பஸ்ஸு? நம்ம வீட்டுக்குத்தானே போறோம்,” என்று உரக்கச் சொன்னார் சிகாமணி. அவருக்கு வியர்த்திருந்தது.

கார் மேலேறி ஓடியது. இறங்கித் திரும்பிப் போனால் விற்றது காருக்குத் தெரிந்துவிடும், போகாவிட்டால் அந்த வீட்டில் இருந்துவிட வேண்டியதுதான் என்று கோகிலவாணிக்குப் புரிந்தது.

உடுமலையில் சிகாமணி வீட்டு வாசல் நிறையக் கூட்டம். அம்மா ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார். தட்டு மூன்று முறை சுற்றியது. அம்மா குனிந்து, விரலால் ஆரத்தியைத் தொட்டு, பானட்டின் நடுவில் பொட்டு வைத்தார்.

“நீங்க ரெண்டு பேரும் இறங்குங்க,” என்றார். பிறகு காரின் பக்கம் திரும்பி, “வலது காலை எடுத்து வெச்சு வாம்மா.”

கார் வலது முன்சக்கரத்தைத் தூக்கி நிலைப்படியைத் தாண்டி வைத்தது. கூடத்தில் இருந்தவர்கள் நாற்காலிகளை நகர்த்தி வழிவிட்டார்கள். பெண் வீட்டார் என்று வந்திருப்பது ஒருத்திதான் என்பதால், பந்தியில் முதல் இலையைக் கோகிலவாணிக்குப் போட்டார்கள்.