நான் மாத்தி மாட்டின கிளிப்

எல்லாரும் எப்படி இருக்கீங்க? சளி, முட்டிவலி எல்லாம் தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுதான் கொதிக்குது.

மக வேலைக்குப் போறா. நாலு வயசுப் பேத்தி பட்டாணியை மழலையர் பள்ளியில விடுறது என் பொறுப்பு. அங்க வகுப்பு வாசல்ல ஒரு பலகை. அதுல நாலு மூஞ்சி: சிரிப்பு, அழுகை, கோவம், பயம். ஒவ்வொரு பிள்ளைக்கும் போட்டோ ஒட்டின துணி கிளிப் ஒண்ணு. காலையில மனசு எப்படி இருக்கோ அந்த மூஞ்சியில மாட்டணுமாம். என்னையெல்லாம் சின்ன வயசுல "மூஞ்சி கழுவினியா"ன்னு கேட்டதோட சரி!

பட்டாணி தினமும் பயத்துலதான் மாட்டுவா. மத்த அம்மாங்க பாக்குறாங்க, எனக்கு மானமே போகுது. "நம்ம வீட்டுப் புள்ளைக்கு என்னடி பயம்?"னு அதட்டினா உள்ள ஓடிடுவா. உடனே கிளிப்பைக் கழட்டிச் சிரிப்புல மாட்டிட்டு வந்துடுவேன். மூணு வாரமா இதே பொழப்பு.

போன வாரம் ஒரு பையனைக் கடிச்சு வெச்சா. முந்தாநாள் இன்னொருத்தியை. இன்னொரு தடவை கடிச்சா வீட்லயே வெச்சுக்கோங்கன்னுட்டாங்க டீச்சர். இந்த முட்டியோட நாள் பூரா அவ பின்னாடி என்னால ஓட முடியுமா? மக வேலையை விட்டுட வேண்டியதுதான்.

இன்னிக்கு டீச்சர்கிட்ட சண்டைக்கே போனேன். "இவ்ளோ படிச்சிருக்கீங்க, பிள்ளை மனசு புரியலையா?"

"தினமும் கிளிப் சிரிப்புலதானேம்மா இருக்கு? பயத்துல இருந்திருந்தா அன்னிக்கே பக்கத்துல வெச்சுக் கேட்டிருப்பேனே!"

பட்டாணி கத்தினா: "நான் பயத்துலதான் வெச்சேன்!"

"அப்ப யாரு மாத்தினது?"

"அவங்க பாட்டி!" உள்ளேருந்து மூணு வாண்டுங்க ஒரே குரல்ல. பாவிங்களா, இத்தனை நாளா பாத்துட்டா இருந்தீங்க?

டீச்சர் குத்துக்காலிட்டு உக்காந்தாங்க. "என்ன பயம் செல்லம்?"

"பாத்ரூம்ல கை காய வைக்கிற மிஷின். ஊ...ன்னு கத்துது."

ரெண்டு கடியும் பாத்ரூம் வரிசையிலதான் நடந்திருக்கு. இவ போகமாட்டேன்னு நிப்பா, பின்னாடி இருக்கிறது தள்ளும், இவ கடிப்பா. டீச்சர் போய் மிஷினை அணைச்சுட்டு, துண்டு ஒண்ணு தொங்கவிட்டாங்க. "பட்டாணி இங்கயே இருக்கட்டும். நீங்க மட்டும் இனிமே கிளிப்ல கை வெக்காதீங்கம்மா."

பட்டாணி ஒரு வெறுங் கிளிப்பை என் கையில திணிச்சா. "நீயும் மாட்டு பாட்டி."

கோவத்துலதான் மாட்டினேன். அசடு வழியுற மூஞ்சி அந்தப் பலகையில இல்லையே, என்ன பண்ண?

உலகத்துலயே இப்படிப் பண்ணது நான் ஒருத்திதான்னு மக சொல்றா. உங்க வீட்ல நீங்க பண்ணின கூத்தைக் கொஞ்சம் எழுதுங்களேன். அவகிட்ட காட்டணும்.