பதினேழாம் எண் குழாய்

கல்லூரியில் முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் முப்பத்திரண்டு பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். புது டீச்சர் என்று நினைத்துவிட்டார்கள். நானும் பழக்கதோஷத்தில், "உட்காருங்க, சட்டைக் கையை மேல மடிச்சுக்கோங்க" என்றேன். இருபத்துமூன்று வருஷம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்தவளுக்கு, வரிசையாக ஆட்களைப் பார்த்தால் வேறென்ன வாயில் வரும்? வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து எனக்கு 'ஊசி ஆன்ட்டி' என்று பெயர்.

நாற்பத்தேழு வயதில் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று எனக்கு ஒன்றும் ஆசை இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. லேபில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இரண்டு வருஷத்துக்குள் பட்டம் வாங்கிக் காட்டவேண்டும், காட்டாதவர்களுக்கு அதற்குமேல் வேலை இல்லை. நான் படித்தது ஒரு வருஷ சர்டிஃபிகேட் படிப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதுவே பெரிசு. இத்தனை வருஷம் கழித்து ஒரு காகிதம் வந்து உனக்கு ஒன்றும் தெரியாது என்கிறது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரிடம் காட்டுவது? அதில் கையெழுத்துப் போட்டவர் எந்த மாடியில் இருக்கிறார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

என் சர்டிஃபிகேட்டைப் பார்த்து நேரே இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொண்டார்கள். காலையில் கல்லூரி, மதியம் இரண்டு மணிக்குமேல் லேப். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அதிகாலை டூட்டியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, சாயங்காலச் சமையலை அவர் பார்த்துக்கொண்டார். "நீ பாஸ் பண்ணலேன்னா பரவாயில்ல, எனக்குச் சமையல்ல ஒரு டிகிரி குடுக்கச் சொல்லு" என்பார். கேலி பேசினாலும் இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் முகம் சுளித்ததில்லை. எழுத்துத் தேர்வுகளை முட்டி மோதித் தாண்டிவிட்டேன். கடைசியாக மிஞ்சியது ரத்தப் பரிசோதனை செய்முறைத் தேர்வு. பக்கத்து இடத்துப் பெண், கனத்த கண்ணாடி போட்டவள், "உங்களுக்கென்ன ஆன்ட்டி, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் செய்வீங்க" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நான் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். உயிருக்கு ஆபத்தான அளவு வந்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிடவேண்டும். இன்னொரு தடவை செய்து பார்த்துவிட்டு, பத்து நிமிஷத்துக்குள் வார்டுக்குப் போன் செய்யவேண்டும். அதற்கென்று ஒரு நோட்டு இருக்கிறது. அளவு, நேரம், போனை எடுத்தவர் பெயர், சொன்னவர் கையெழுத்து என்று நான்கு கட்டம். காகிதம் தேட நேரம் இருக்காது என்பதால் அளவைப் புறங்கையில் எழுதிக்கொண்டுதான் நான் போனை எடுப்பேன்.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருஷம் ஒரு நாள், பதினொன்றாம் கட்டில் நோயாளிக்கு அப்படி ஓர் அளவு வந்தது; வார்டு போன் விடாமல் என்கேஜ்டாகவே இருந்தது. ஒரு வாய் டீ குடித்துவிட்டு வந்து பேசலாம் என்று போனேன். திரும்பி வந்து பேசியபோது, பதினொன்றாம் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

தேர்வு அன்று மேசைக்கு ஒரு ரத்தக்குழாய் வைத்திருந்தார்கள். எனக்குப் பதினேழாம் எண். ஹீமோகுளோபின் அளவு பார்க்கவேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு மெஷின் வந்து பதினைந்து வருஷமாகிறது. கல்லூரியில் இன்னும் பழைய முறைதான். அமிலத்தில் ரத்தத்தைக் கலந்து, பத்து நிமிஷம் வைத்திருந்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பக்கத்துக் கண்ணாடியின் பழுப்பு நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும். நாலு சொட்டிலேயே நிறம் ஒத்துப்போய்விட்டது. அளவு 4.2.

ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டாவது இருக்கவேண்டும். நான்கு என்றால் மாடிப்படி ஏறவே முடியாது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், எந்த நேரமும் விழுந்துவிடலாம். அன்று காலையில் முதல் வருஷப் பெண்கள் சிலர்தான் தேர்வுக்காக ரத்தம் கொடுத்திருந்தார்கள். முழங்கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு படியிறங்கிப் போனதை நானே பார்த்தேன். திரும்பவும் செய்து பார்த்தேன். திரும்பவும் 4.2. கையுறையைக் கழற்றினேன், புறங்கையில் எழுதினேன். விடைத்தாளில் எழுதவில்லை. அப்போது அது எனக்கு விடையாகவே தெரியவில்லை.

தேர்வாளர் பக்கத்து அறையில் வாய்மொழித் தேர்வு நடத்திக்கொண்டிருந்தார். அறையில் இருந்தது எங்கள் இளம் ஆசிரியர் ஒருவர்தான்.

"சார், இந்தப் பதினேழு யாரோடது?"

"பேசாம எழுதுங்க மேடம்."

"எழுதுறது கிடக்கட்டும் சார். ரொம்பக் கம்மியா இருக்கு. இந்தப் பொண்ணை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். யாருன்னு சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது மேடம். ஸ்டோர்ல குடுத்தாங்க, நான் வெச்சேன். தேர்வு முடிஞ்சதும் பேசிக்கலாம்."

முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. போனையெல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். பதினொன்றாம் கட்டில் வந்து கண்முன்னால் நின்றது. எழுந்தேன். "வெளிய போனா திரும்ப உள்ள வரமுடியாது" என்று அவர் சொன்னது காதில் விழத்தான் செய்தது. விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

கீழ்த்தளத்தில் முதல் வருஷ வகுப்பு. பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியை வாயைத் திறக்குமுன், "காலைல ரத்தம் குடுத்தவங்க யாரு? கையைத் தூக்குங்க" என்றேன். ஒன்பது கைகள் உயர்ந்தன. ஒவ்வொருத்தியாகப் போய்க் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளிறியிருந்தால் அங்கேதான் தெரியும். ஒருத்தி கூச்சத்தில் நெளிந்தாள், ஒருத்தி "ஆன்ட்டி, மை கலையுது" என்றாள். ஒன்பது பேருக்கும் சிவப்பாக, நன்றாக இருந்தது.

"இன்னும் யாராவது குடுத்தீங்களா?"

"ஒருத்தி மயக்கமா வருதுன்னு ஹாஸ்டலுக்குப் போய்ட்டா."

வெள்ளைக் கோட்டும் செருப்புமாக மைதானத்தைக் குறுக்காக ஓடினேன். மூட்டு வலிக்காரி நான், அந்த ஓட்டம் எங்கிருந்து வந்ததோ. இரண்டாம் மாடி, கோடி அறை. கதவைத் தள்ளிக்கொண்டு போனால், அந்தப் பெண் கட்டிலில் சாய்ந்துகொண்டு பிஸ்கட் பாக்கெட்டைப் பாதி காலி செய்திருந்தாள். இமையை இழுத்தேன். அவ்வளவு சிவப்பு. பாட வகுப்பிலிருந்து தப்பிக்கத்தான் மயக்கம். எனக்கு அவளை இரண்டு சாத்து சாத்தவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது.

திரும்பும்போது மாடிப்படியில் ஸ்டோர் அண்ணன் எதிரே வந்தார். ரத்தக்குழாய்களுக்கு எண் ஒட்டி வைப்பவர் அவர்தான். மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அட என்னக்கா நீங்க! அது யாரோடதும் இல்ல. எல்லார் ரத்தத்தையும் ஒண்ணாச் சேர்த்துத்தான் குழாய்ல ஊத்துறது. எல்லாருக்கும் ஒரே அளவு வந்தா பாத்து எழுதிடுவாங்கன்னு, ஒவ்வொரு குழாய்லயும் உப்புத்தண்ணி கொஞ்சம் கூடக் குறைய நான்தான் கலந்து வெச்சேன். வருஷா வருஷம் அப்படித்தான்."

யாருடையதும் இல்லையாம். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. டிரிப்ஸ் ஏறுகிற கையிலிருந்து எடுத்த ரத்தம் நீர்த்துப்போயிருக்கும் என்று எத்தனை நர்ஸ்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! இதில் யாரோ தண்ணீர் கலந்திருப்பார்கள் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லையே. மேசையில் இருந்தது ரத்தம். ரத்தம் என்றால் அதற்கு ஒரு ஆள் இருக்கவேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

"அக்கா, கலக்கிற விஷயத்தை நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார் ஸ்டோர் அண்ணன். "பதினாலு வருஷமா தற்காலிகமாத்தான் இருக்கேன். தேர்வு நேரத்துல மாணவர்கிட்ட வாயைத் திறந்தேன்னு தெரிஞ்சா அவ்வளவுதான்."

பதினெட்டு நிமிஷம் கழித்து வாசலில் நின்றேன். இப்போது தேர்வாளரே வந்து நின்றார். என் மேசையில் அடுத்த அணிக்காகப் புதுக் குழாய் வைத்திருந்தார்கள். என் பழுப்புக் குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாயிற்று. விடைத்தாளில் என் பதிவெண்ணைத் தவிர ஒன்றுமில்லை.

தேர்வாளர் மரியாதையான மனிதர். குரலை உயர்த்தக்கூட இல்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டார், வழக்கத்தை, ஒன்பது பெண்களை, ஹாஸ்டலை. உள்ளே விடுவதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று தன் கையிலிருந்த விதிப் புத்தகத்தைக்கூடப் புரட்டினார். அப்போதுதான் என் கையைப் பார்த்தார்.

"அது என்ன மேடம்?"

புறங்கையைக் காட்டினேன். வேர்வையில் கலங்கியும் தெளிவாகத்தான் இருந்தது. 4.2. அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். பதினேழு என்ற எண்ணுக்கு நேரே 4.2 என்று இருந்தது.

"வெளிய யாரைப் பாத்தீங்க?"

அவருக்குப் பின்னால் ஸ்டோர் அண்ணன் தட்டை ஏந்திக்கொண்டு நின்றிருந்தார். தட்டிலிருந்த குழாய்களெல்லாம் லேசாகக் கிணுகிணுத்தன.

"யாரும் சொல்லல சார். நானேதான் அளந்தேன். ரெண்டு தடவை அளந்தேன்."

"சரி மேடம். அப்படின்னா தாள்ல எழுதியிருப்பீங்களே?"

வெளியே போனவள், விடை தெரிந்த ஆள் இருக்கும் பக்கம் போயிருக்கிறாள், சரியான விடையைக் கையில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். தப்பாக அளந்திருந்தால்கூட ஒருவேளை தப்பித்திருப்பேன். இருபத்துமூன்று வருஷக் கை, கச்சிதமாக அளந்து தொலைத்துவிட்டது.

"என்னையும் கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, முறைகேட்டுப் படிவத்தை நிரப்பினார். என் கையைப் போட்டோ எடுத்தார்கள். நகங்கள் தெரிகிற மாதிரி விரலை விரிக்கச் சொன்னார் இளம் ஆசிரியர். விரித்தேன். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். அடுத்த தேர்வு ஒரு வருஷம் கழித்து. ஆஸ்பத்திரி கொடுத்த கெடு முடிய நாற்பத்தொரு நாள் இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். முப்பத்திரண்டு பிள்ளைகள் முன்னால் அழுகிறோமே என்ற வெட்கம்கூட வரவில்லை.

வாசலில் கண்ணாடிக்காரி என் பையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஆன்ட்டி, என்னோடது 3.8 வந்துச்சு. உங்களதை விடக் கம்மி."

"நீ என்ன பண்ணே?"

"எழுதிட்டு, அடியில ஒரு கோடு போட்டுட்டு வந்துட்டேன்."

"யாரோடதுன்னு கேக்கணும்னு தோணலையா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பரிதாபம்தான், வேறொன்றுமில்லை. "பரீட்சைதானே ஆன்ட்டி?" என்றாள். நல்ல பெண். அவள் சொன்னதில் தப்பே இல்லை. பையை என் தோளில் மாட்டிவிட்டு, தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டாள். எங்கள் ஆஸ்பத்திரி லேபில் ஆள் எடுக்கிறார்களாமே, யாரைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று. சொன்னேன். மூன்றாம் மாடி, இடதுபக்கம், மதியத்துக்கு முன்னால் போ என்றேன்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே, "என்ன, பட்டதாரி அம்மா?" என்றார். "சாயங்காலம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். இரண்டு வருஷமாக அவர் வெட்டிய காய்கறியெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டு மணிக்கு லேபில் உட்கார்ந்தேன். எங்கே போவது? டூட்டி இருக்கிறதே. ஐந்தரை வாக்கில் மெஷின் சிவப்பு எழுத்தில் ஒரு எண்ணைக் காட்டியது. ஹீமோகுளோபின் 4.1. குழாயைக் கையில் எடுத்துப் பெயரைப் படித்தேன், வயதைப் படித்தேன். ஆறாம் வார்டு, இருபத்தாறு வயதுப் பெண். டிரிப்ஸ் கையிலிருந்து எடுத்தார்களா என்று சீட்டைப் பார்த்தேன். இல்லை. மறுபடி ஓட்டினேன். அதே 4.1. புறங்கையில் எழுதப் போனால் காலையில் எழுதிய 4.2 இன்னும் இருந்தது. போட்டோ எடுக்கும்வரை கழுவவேண்டாம் என்று சொன்ன கையை, எடுத்த பிறகும் கழுவாமல் விட்டிருக்கிறேன். பழைய எண்ணுக்குக் கீழே புதிய எண்ணை எழுதினேன்.

வார்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்தாவது மணியில் நர்ஸ் எடுத்தாள்.

"ஆறாம் வார்டு."

"லேபிலிருந்து பேசுறேம்மா. உங்க நாலாம் கட்டில், ஹீமோகுளோபின் நாலு புள்ளி ஒண்ணு. ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"ஐயையோ! இப்பத்தான் பாத்ரூம் போகணும்னு எழுந்திரிச்சாங்க. இருங்கக்கா, டாக்டரைக் கூப்பிடுறேன்." போனை வைக்காமலே ஓடினாள். "பிடிங்க, அவங்களைப் பிடிங்க" என்று அவள் கத்துவதும், நாற்காலி இழுபடுவதும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து யாரோ வந்து, "பிடிச்சிட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்கள்.

நோட்டை எடுத்தேன். அளவு, நேரம், போனை எடுத்தவர். மூன்று கட்டத்தையும் நிரப்பிவிட்டு நான்காவதில் கையெழுத்துப் போட்டேன். பிறகு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். நாற்பத்தொரு நாளைக்கு அப்புறம் அந்தக் கட்டத்தில் நான் கையெழுத்துப் போட முடியாது.