இரண்டு சுவிட்ச், ஒரு ஃபேன், ஒரு அண்ணன்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. என் புத்தகங்களுக்குப் பிழை திருத்தித் தருகிற பெண்மணி, சென்ற முறை கைப்பிரதியை ஒரு வாரம் தாமதமாகக் கொடுத்தார். பத்து ஆண்டுகளில் அதுவே முதல் தடவை. அவர் சொன்ன காரணம்தான் இது. எழுத அனுமதி கேட்டேன். "எழுதுங்க, ஆனா ஒற்றுப்பிழை இல்லாம எழுதுங்க" என்றார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: அன்று மாலை வானம் கறுத்து, காற்றில் ஈரம்...

வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையில்லை. ஈரம் இருந்தது உண்மை. அது சுவரில் இருந்தது.

2

அவளுக்கு (மரியாதையை இனிக் கழற்றி வைக்கிறேன், கதைக்குள் வந்துவிட்டால் வீட்டு மனுஷிதான்) நெஞ்சில் சளி கட்டும் உடம்பு. ஜன்னலில்லாத குளியலறையில் பூஞ்சை பிடித்ததிலிருந்து இருமல் விட்டபாடில்லை. பரணில் ஒரு ஃபேன் இருந்தது. குளியலறை, சமையலறை இரண்டிலிருந்தும் குழாய் வழியாக ஈரக் காற்றை இழுத்து வெளியே தள்ளும். ஆனால் ஆமை வேகம். வேகத்தைக் கூட்டும் பொத்தானும் பரணிலேயே. குளிக்கும்போதெல்லாம் யார் ஏணி போடுவது?

அவள் கணவர் பஸ் ஓட்டுநர். வேகத்துக்கென்று ஃபேனில் தனியாக ஒரு முனை இருப்பதையும், அதை விளக்குச் சுவிட்சோடு இணைத்தால் விளக்கு போட்டதும் ஃபேன் தானே வேகமெடுக்கும் என்பதையும் கண்டுபிடித்தவர் அவர்தான். விடுமுறை நாள் முழுக்கப் பரணில் தவழ்ந்து, இரண்டு அறை விளக்குகளின் ஒயர்களையும் அந்த ஒரே முனையில் முறுக்கினார். தூசியும் தானுமாக இறங்கி, "இனிமே நிம்மதியாக் குளி" என்றார்.

அவள் குளியலறை விளக்கைப் போட்டாள். ஃபேன் உறுமியது. கூடவே சமையலறை விளக்கும் எரிந்தது.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று சிரித்து மழுப்பினார். மூச்சு லேசாகியிருந்ததால் அவளும் விட்டுவிட்டாள்.

3

மூன்றாம் நாள் குளியலறை பல்ப் போயிற்று. அவர் பழக்கத்தில் அந்தச் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினார். அவள் பழக்கத்தில் சமையலறை விளக்கைப் போட்டாள். மின்சாரம் பரண் முடிச்சு வழியாகச் சுற்றிக்கொண்டு குளியலறைக்கு வந்தது.

[இங்கே அவர் இறந்துபோவதாக ஒரு பக்கம் எழுதினேன். கதை நன்றாகத்தான் இருந்தது. கிழித்தேன். எழுத்துக்காக ஒரு நல்ல மனிதரைக் கொல்ல எனக்கு என்ன உரிமை?]

அவர் ஸ்டூலிலிருந்து விழுந்தார்.* விரல் நுனி கருகியிருந்தது. அவள் மெயினை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். "சுவிட்சை அணைச்சுட்டுதானே ஏறினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் அவள் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கைப் போட்டது அந்தக் கை.

* இந்தக் கதையின் கைப்பிரதி ஓரத்தில் அவள் குறிப்பு: 'விழவில்லை. இறங்கினார். கொஞ்சம் வேகமாக.'

4

அவளுடைய அண்ணன் எலக்ட்ரீஷியன். நான்கு வருடமாகப் பேச்சில்லை. (சண்டைக்கு மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. அவளையே கேட்டேன். அம்மா படுக்கையில் இருந்தபோது தான் ஒரு வார்த்தை விட்டுவிட்டதாகச் சொல்லி நிறுத்திக்கொண்டாள். நானும் நிறுத்திக்கொள்கிறேன்.)

மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டு போன் செய்தாள். அவன் குரல் கேட்டதும் வாக்கியம் போன இடம் தெரியவில்லை.

"அண்ணா, அவருக்குக் கரண்ட் அடிச்சிருச்சு. இப்போ பரவாயில்ல."

"மெயின்?"

"அணைச்சுட்டேன்."

"எதையும் தொடாதே. வரேன்."

அரை மணியில் வந்தான். பரணில் முடிச்சைப் பார்த்தான். கணவரைத் திட்டப்போகிறான் என்று அவள் பயந்தாள். "யோசனை சரிதான் மாப்பிள்ளை, சேர்த்த இடம்தான் தப்பு" என்றான். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி ரிலே, அதாவது மின்சாரம் வந்தால் தானே இயங்கும் சின்ன சுவிட்ச், வைத்தான். எந்த விளக்கைப் போட்டாலும் ஃபேன் வேகமெடுக்கும். ஒன்றின் மின்சாரம் மற்றதை எட்டிக்கூடப் பார்க்காது.

அதோடு போகவில்லை. ஒரு வாரம், தினம் மாலையில் வந்து, வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சையும் கழற்றிப் பார்த்தான். பழுதில்லாதவற்றையும். அவள் டார்ச் பிடித்து நின்றாள். என் கைப்பிரதி மேஜையிலேயே கிடந்தது.

கடைசி நாள், ஃபேன் உறுமிக்கொண்டிருக்க, "அன்னைக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தாள்.

"டார்ச்சை இப்படிக் காட்டு" என்றான்.

5

அவன் காதில் விழுந்ததா? விழுந்ததாக ஒரு முடிவு எழுதினேன். அவன் கண் கலங்குகிறது. விழாததாக இன்னொன்று. இரண்டையும் அவளிடம் கொடுத்தேன். இரண்டையும் அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தாள்: 'வந்தானே, போதாதா?'

எனக்குப் போதும். உங்களுக்கும் பேசாமல் நிற்கும் அண்ணனோ தங்கையோ இருந்தால், மீதியை எழுத என்னைவிட நீங்கள்தான் பொருத்தம்.