டோவிக்காகப் போட்ட கையெழுத்து

என் தங்கை டோவியை அவர்கள் பிடித்துக்கொண்டு போனது 1934 மே மாதம். ஊர்க் காவல் அதிகாரியான ஷெரீப்பின் கார் எங்கள் மலைமேல் ஏறாது. ஓடைக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு அவரும் நலத்துறை அம்மா மிஸ் ஹேய்டனும் நடந்தே வந்தார்கள்.

அந்த வருடம் கார் சத்தம் கேட்டாலே எங்கள் பள்ளத்தாக்கில் இளவயதுப் பெண்களும் பையன்களும் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். ஏற்கெனவே மூன்று வீடுகளிலிருந்து ஆட்களை அரசு விடுதிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். டோவிக்குக் கார் சத்தம் கேட்காது. நான்கு வயதில் வந்த செம்புள்ளிக் காய்ச்சல் அவளுடைய இரண்டு காதுகளையும் எடுத்துவிட்டது. நான் மேட்டில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே தொண்டை கிழியக் கத்தினேன். அவள் வாசலில் உட்கார்ந்து கோழிக்குச் சோளம் தூவிக்கொண்டிருந்தாள். நான் ஓடி இறங்குவதற்குள் கார் கிளம்பிவிட்டது. கோழிகள் மட்டும் சோளத்தைக் கொத்திக்கொண்டிருந்தன.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. எனக்கு இருபது. அம்மா டோவியைப் பெற்ற மறுவருடம் இன்னொரு பிரசவத்தில் போய்விட்டாள். டோவியை வளர்த்தது நான்தான். என் உதட்டைப் பார்த்தே நான் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள், ஆசிரியை கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். மூன்றாம் வகுப்போடு அவள் நின்றுவிட்டாள். அந்த ஆசிரியை மிஸ் ஹேய்டனிடம் எழுதிக்கொடுத்தது ஒரே வரி: "எது கேட்டாலும் பதில் வராது."

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அடுப்படியில் நின்று நான் படித்தேன். டோவி புத்தி குறைந்தவள் என்றும், அந்தக் குறை பரம்பரையாக வருவது என்றும், அரசு விடுதியில் அவளுக்குக் கருத்தடை அறுவை செய்ய உத்தேசித்திருப்பதாகவும், ஜூன் பதினான்காம் தேதி காலை விசாரணை என்றும், குடும்பத்தார் விரும்பினால் வரலாம் என்றும் இருந்தது.

"அப்படின்னா என்னம்மா பண்ணப்போறாங்க?" என்றார் அப்பா.

"இனிமே அவளுக்குப் பிள்ளையே பிறக்காத மாதிரி வெட்டிவிடறாங்கப்பா."

"பன்னிக்குப் பண்றாப்புலயா?"

நான் தலையாட்டினேன். கடிதம் எங்கள் கைக்கு வந்தது பன்னிரண்டாம் தேதி. அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டார். நான் சோள ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டேன். ஒன்பது மைல் நடந்து, மர லாரியில் தொற்றி, பால் லாரியில் ஏறி, பதினான்காம் தேதி காலையில் அந்தச் செங்கல் கட்டடத்தின் முன்னால் போய் நின்றோம். அதன் எடுப்பான வெள்ளைத் தூண்களைப் பார்த்து அப்பா வாசலிலேயே பூட்ஸைக் கழற்றப் பார்த்தார்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் விடுதியின் தலைமை டாக்டர். டோவிக்காகப் பேச ஒரு வக்கீலையும் அவர்களே அமர்த்தியிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடுமா என்று கேட்டதைத் தவிர அவர் அன்றைக்கு வேறெதுவும் பேசவில்லை.

டோவியைக் கூட்டிவந்தார்கள். தலைமுடியைக் காது வரைக்கும் கத்தரித்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஓடிவரப் பார்த்தாள், பணிப்பெண் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா! வீட்டுக்குப் போலாமா?" என்று அவள் கத்தியது அறை முழுக்க அதிர்ந்தது. தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அவளுக்குத் தெரியாது. மூவரில் ஒருவர் முகம் சுளித்து ஏதோ குறித்துக்கொண்டார்.

டாக்டர் தாளைக் குனிந்து பார்த்தபடியே கேள்வி கேட்டார். அவருடைய மீசை மேலுதட்டை மூடியிருந்தது. "ஒரு டஜன் முட்டையில அஞ்சு உடைஞ்சுபோச்சு. மிச்சம் எத்தனை?"

டோவி மீசையையே பார்த்தாள். "ஆமாங்கய்யா" என்றாள்.

"இப்ப எந்த மாசம்?"

"ஆமாங்கய்யா."

"உனக்குப் புத்தி சரியில்லன்னு உனக்கே தெரியுமா?"

"ஆமாங்கய்யா." மரியாதையாக நடந்துகொண்டால் வீட்டுக்கு விடுவார்கள் என்று நினைத்துச் சிரித்தாள். டாக்டர் மற்ற இருவரையும் பார்த்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. மூலையில் கைகழுவுகிற பீங்கான் பேசின் இருந்தது. அதைத் தூக்கி டோவியின் முதுகுக்குப் பின்னால் தரையில் ஓங்கிப் போட்டேன். வக்கீல் நாற்காலியிலிருந்து துள்ளினார். டோவி திரும்பவேயில்லை.

"பாத்தீங்களா? காதுதான் ஐயா கேக்காது! புத்திக்கு ஒண்ணுமில்ல. இப்பக் கேளுங்க." அவள் முன்னால் போய் மண்டியிட்டேன். "டோவி, ஒரு டஜன் முட்டைடீ, அஞ்சு உடைஞ்சுபோச்சு. மிச்சம்?"

"ஏழு. ஏன்க்கா, உடைஞ்சதை எதுக்குக் கொட்டணும்? அதையும் பொரிச்சுத் தின்னலாமே."

மேசை ஓரத்தில் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அவ்வளவுதான், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

டாக்டர் கோபப்படவில்லை. பொறுமையாக ஒரு பெரிய தாளை விரித்தார். எங்கள் குடும்பம் முழுவதும் அதில் இருந்தது. ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம், இடையில் கோடுகள்; குறையுள்ளவர்களுக்குக் கறுப்பு. வலிப்பு வந்து செத்துப்போன பர்டிஸ் மாமா கறுப்புக் கட்டம். எழுதத் தெரியாத அப்பா கறுப்பு. அம்மா கறுப்பு வட்டம், எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டோவி கறுப்பு. அவர் பேனாவைத் திறந்து டோவியின் வட்டத்துக்குப் பக்கத்தில் 'செவிடு' என்று சேர்த்து எழுதினார்.

"நல்லவேளை சொன்னியேம்மா. இது எங்களுக்குத் தெரியாது. அப்ப குறை ஒண்ணு இல்ல, ரெண்டு."

"அது காய்ச்சல்ல வந்தது ஐயா! பிறவியில இல்ல!"

"காய்ச்சல் எல்லாப் பிள்ளைக்கும்தான் வருது. எல்லாரும் செவிடாகலையே. ரத்தம் பலவீனமா இருந்தாத்தான் அப்படி."

எதைச் சொன்னாலும் அதுவும் அந்தத் தாளில்தான் போய் விழுந்தது. அப்போதுதான் டோவிக்குப் பக்கத்தில் இருந்த என் வட்டத்தைப் பார்த்தேன். அது இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. உள்ளே ஒரு கேள்விக்குறி.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார் டாக்டர்.

"இல்ல."

அதையும் குறித்துக்கொண்டார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "சட்டப்படி உங்க சம்மதம் எங்களுக்கு வேண்டியதில்ல. ஆனா கையெழுத்துப் போட்டுட்டா ஆறு வாரத்துல வீட்டுக்கு அனுப்பிடலாம். இழுத்தடிச்சீங்கன்னா, அவ பிள்ளை பெறுற வயசு தாண்டுற வரைக்கும் இங்கதான் இருக்கணும்."

"மாட்டேன்" என்றார் அப்பா. அந்த அறையில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "எம்பொண்ணு ஒண்ணும் ஆடுமாடு இல்ல."

யோசிக்கச் சொல்லி எங்கள் மூவரையும் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். ஜன்னல் வழியாகத் தோட்டம் தெரிந்தது. சாம்பல் நிற உடையில் பெண்கள் வரிசையாக நின்று கொத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்திக்கு முழுக்க நரைத்திருந்தது. "அந்தம்மா வந்து எத்தனை நாளாச்சு?" என்று பணிப்பெண்ணைக் கேட்டேன்.

"நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே இருந்தாங்க. வர்றப்ப பதினேழு வயசாம்."

டோவி என் கையை விடவேயில்லை. "அக்கா, இங்க ஒருத்தி என் கையைக் கடிச்சிட்டா. சாப்பாட்டு மணி எனக்குக் கேக்காது, போறதுக்குள்ள தீர்ந்துடுது. என்னைக் கூட்டிட்டுப் போயிடுக்கா. எது சொன்னாலும் செய்யறேன். கூட்டிட்டுப் போயிடு."

அப்பா சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். "நீ சொல்லும்மா. படிச்சவ நீதான்."

டோவிக்கு அந்த வயது தாண்ட இன்னும் இருபத்தைந்து வருடம். நான் ஜன்னலையும் டோவியின் கையில் இருந்த பல் தடத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு உள்ளே போய் அப்பாவின் பெயரை எழுதி, கீழே என் பெயரையும் எழுதினேன்.

"குடல்வால் ஆபரேஷன்னு அவகிட்ட சொல்லிடுங்க" என்றார் டாக்டர், மையை ஒற்றிக்கொண்டே. "வீணா மனசைக் குழப்ப வேண்டாம்."

ஆறு வாரம் என்றது ஒன்பது வாரமாயிற்று. ஆனாலும் டோவி வந்தாள், ஓடையைத் தாண்டி ஓடிவந்தாள். தழும்பைக் காட்டி, "குடல்வாலை எடுத்துட்டாங்க, தெரியுமா?" என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டாள். நானும் கூட நின்று தலையாட்டினேன்.

அந்த இலையுதிர்காலத்தில் மிஸ் ஹேய்டன் கடைவீதியில் என்னைப் பற்றி விசாரித்ததாகச் செய்தி வந்தது. அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "ஓடு." மலையைத் தாண்டி ஒஹாயோ மாநிலத்துக்குப் போனேன். பீங்கான் ஆலையில் கோப்பைகளுக்குக் காது ஒட்டும் வேலை கிடைத்தது. எவரெட்டைக் கல்யாணம் செய்துகொண்டேன். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் மிஸ் ஹேய்டன் கதவைத் திறந்துகொண்டு வருவதாகப் பிதற்றினேனாம்.

டோவி இருபது வயதில் பர்ல் என்ற ஆப்பிள் தோட்டக்காரனைக் கட்டிக்கொண்டாள். நல்லவன். அவளிடம் பேசும்போது விளக்கடியில் நின்று பேசுவானாம். மாதம் தவறாமல் எனக்குக் கடிதம் எழுதுவாள். "இந்த மாசமும் இல்லக்கா. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு தெரியல." மூலிகைக் கஷாயம் குடித்தாள். தேவாலயத்தில் முட்டி தேய மன்றாடினாள். நான் பதில் எழுதுவேன்: "கவலைப்படாதே, இன்னும் காலம் இருக்கிறது." அப்படி ஆறு வருடம் எழுதினேன்.

1945இல் அவளைப் பரிசோதித்த ஊர் டாக்டர் ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டார். விடுதியிலிருந்து பழைய தாளையும் வரவழைத்துக் காட்டினார். அவள் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். மதியம் இரண்டு மணி. என் கடைக்குட்டி மேசையில் உட்கார்ந்து பட்டாணியை இறைத்துக்கொண்டிருந்தான். டோவி அவனைப் பார்க்கவில்லை. அந்தத் தாளை என் முன்னால் வைத்தாள். அடியில் என் பெயர்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "என்னைப் பார்த்துச் சொல்லு. அங்க பார்த்துச் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"உன்னை விட்டுட்டு வர முடியலடீ. வேற வழியே இல்ல."

"கையெழுத்துப் போட்டதுக்கு நான் உன்னை ஒண்ணும் சொல்லல. அன்னைக்குக் கெஞ்சினதே நான்தானே. என்னைக் கேட்டிருந்தா நானே போட்டிருப்பேன். ஆனா, 'இன்னும் காலம் இருக்கு'ன்னு எழுதினியே, அது எதுக்கு?"

"பயமா இருந்தது."

"யாருக்குப் பயந்த?"

"உனக்கு."

அவள் என் தாடையை விட்டாள். "மாசாமாசம் பர்ல்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்க்கா" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

நான்கு வருடம் கடிதம் இல்லை. அப்பா செத்தபோது குழிமேட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். மண் போட்டு முடிந்ததும் அவள் என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டு, "குளிருது, கிளம்பு" என்றாள். அதற்குப் பிறகு கடிதங்கள் மறுபடி வரத் தொடங்கின.

இப்போது அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்தச் சட்டத்தை எப்போதோ எடுத்துவிட்டார்கள் என்று பேத்தி செய்தித்தாளில் படித்துக் காட்டினாள். டோவி மழையைப் பற்றி எழுதுவாள், ஆப்பிள் விளைச்சலைப் பற்றி எழுதுவாள், பர்லின் முட்டிவலியைப் பற்றி எழுதுவாள். என் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. நானும் எழுதுவதில்லை.