வாலில் சமையலறை

மாமனார் கட்டும் கேரவன்களில் சமையலறை எப்போதும் பின்கோடியில்தான் இருக்கும். சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, அதன் கீழே அடுப்பு, அலமாரி, தண்ணீர்த் தொட்டி. காரில் கோத்து இழுத்துப் போகிற வீடு. நிறுத்திய இடத்தில் காப்பி போட்டுக்கொண்டே மலையைப் பார்க்கலாம். வாங்க வருகிறவர்கள் அந்தக் கண்ணாடியில் சொக்கிப்போவார்கள். ஓடும்போது வண்டி என்ன செய்யும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

மருமகள் கேட்டாள். அதே பட்டறையில் வண்டிகளை வரைகிறவள், வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவள். கேட்டதோடு நிற்காமல் புதிதாக ஒன்றைக் கட்டியும் விட்டாள். பாரமெல்லாம் பின்கோடியில் இருந்தால் ஓட்டத்தில் வண்டி ஆடும் என்று, அடுப்பும் தொட்டியும் நடுவே, சக்கரங்களுக்கு மேல். முன்கூரை காற்று வழுக்கிப்போகச் சரிந்திருந்தது. பின்னால் வெறும் படுக்கை, கையகலக் கண்ணாடி.

மாமனார் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "தவளை மாதிரி இருக்கு. இதை யாரு வாங்குவா?"

"உசிரோட ஊர் போய்ச் சேரணும்னு நினைக்கிறவங்க வாங்குவாங்க, மாமா."

பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. அவர் முகம் சிவந்தது.

"ஒவ்வொரு வண்டியையும் நானே இழுத்துப் பார்த்துத்தான் அனுப்புறேன். ஒண்ணாவது ஆடியிருக்கா? சாயங்காலம் இதை அறுத்துப் போடுங்க. சக்கரமாவது மிஞ்சும்."

அது அவளுடைய ஒரு வருஷ உழைப்பு. அவர் சொன்னது பொய்யுமில்லை, அதுதான் கொடுமை. இழுத்துத்தான் பார்ப்பார், ஆனால் காலி வண்டியை. கீறல் விழக் கூடாதென்று அலமாரியில் ஒரு கரண்டிகூட வைக்க விடமாட்டார்.

"தாராளமா அறுங்க. அதுக்கு முன்னாடி, நாளைக்கு ஒரு குடும்பம் எடுத்துட்டுப் போகப்போற உங்க வண்டியில, அவங்க ஏத்துற மாதிரியே ஏத்தி ஓட்டிக் காட்டுங்க. ஆடலைன்னா ரம்பத்தை நானே பிடிக்கிறேன்."

"ஏத்துங்கடா!" என்றார். ரோஷக்காரர்.

ஏற்றியது மாமியார். குக்கர், இரும்புச் சட்டிகள், மிக்ஸி, மாவு டப்பாக்கள் என்று வீட்டையே பெயர்த்து அலமாரியில் அடைத்தாள். தொட்டி வழியும்வரை தண்ணீர் பிடித்தாள்.

"இவ்வளவா?" என்றார் மாமனார்.

"ஆயுசு பூரா கேரவன் கட்டுறீங்க, என்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? போனா என்னென்ன எடுத்துட்டுப் போவேன்னு இப்பவாவது பாருங்க. நகருங்க."

பட்டறைக்குப் பின்னால், விமானம் வராமல் போன ஓடுபாதை ஒன்று இருந்தது. மாமனார் ஓட்ட, மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் ஒன்றுமில்லை. அவர் மீசைக்குள் சிரித்தார். வேகம் கூடியதும் யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்து உலுக்குவதுபோல் கார் இடமும் வலமும் இழுபட்டது. பக்கக் கண்ணாடிகளில் கேரவன் மாறி மாறி எட்டிப் பார்த்தது. உள்ளே சட்டிகள் உருண்டன.

"பிரேக் வேண்டாம் மாமா! ஸ்டியரிங்கை நேரா பிடிங்க, ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுங்க!"

எடுத்தார். ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி வண்டி நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"காத்து," என்றார் கடைசியில். ஓடுபாதை ஓரத்தில் ஒரு புல்கூட அசையவில்லை.

அதே சட்டிகளையும் அதே தண்ணீரையும் தவளையில் ஏற்றி, அதே வேகத்தில் அவரையே ஓட்ட வைத்தாள். தவளை கோடு போட்டதுபோல் வந்தது.

பட்டறையில் வெல்டர் ரம்பத்தோடு காத்திருந்தார். "அறுக்கவா, முதலாளி?"

மருமகள் குறுக்கே போய் நின்றாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மாமா. அத்தையை எதுல கூட்டிட்டுப் போவீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் இறக்கிய டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தவளையில," என்றார் மெல்ல. குனிந்து ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கினார்.

ஜெயித்துவிட்டாள். ஆனால் அவள் நகரவில்லை.

"போதாது மாமா. நாளைக்கு வர்றாங்களே, அவங்க வீட்டுலயும் ஒரு அத்தை இருப்பாங்க."

மாமனார் அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவர் போனை எடுத்தார்.

"நாளைக்கு வராதீங்க சார்... இல்ல, வேலையெல்லாம் முடிஞ்சிடுச்சு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வண்டி சரியில்ல. நான்தான் தப்பாக் கட்டிட்டேன்."